அச்சுக்கு அனுப்பிய ஃபைலில் சிக்கலா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்து டிடிபி சென்டர்களுக்குச் சிவகாசிதான் பக்கத்து அச்சு ஊர். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், குற்றாலம் சீசனுக்கான லாட்ஜ் நோட்டீஸ், காலண்டர் எல்லாம் இங்கே வடிவமைத்து அங்கே அச்சடித்து வாங்குகிறோம். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர்க்காரர்கள் கொண்டுவரும் வேலையும் இதில் சேரும். ஃபைல் ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். பிளேட் (அச்சு இயந்திரத்தில் மாட்டும் தகடு) போட்ட பிறகு பிழை தெரிந்தால் பிளேட் காசு தண்டம். பேப்பரும் ஓடிவிட்டால் அதைவிடப் பெரிய தண்டம். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. பிரஸ்ஸுக்குப் போன அதே பிடிஎஃபை, உங்கள் எழுத்துருக்கள் இல்லாத வேறொரு கணினியில் அடோபி ரீடரில் திறங்கள். ரீடரின் பிரிஃபரன்ஸில், பேஜ் டிஸ்பிளே பகுதியில், ஓவர்பிரின்ட் பிரிவியூவை 'ஆல்வேஸ்' என்று வையுங்கள். (ஓவர்பிரின்ட் என்றால் அடியில் இருக்கும் நிறத்தை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே அச்சிடுவது.) பிழை அங்கேயும் தெரிந்தால் அது உங்கள் ஃபைலில் இருக்கிறது. அங்கே சரியாக இருந்து தாளில் மட்டும் தவறாக வந்தால் பிரஸ்ஸோடு பேச வேண்டிய விஷயம். வடிவமைத்த கணினியிலேயே திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. எழுத்துரு, படம் எல்லாம் அங்கே இருப்பதால் எதுவும் குறையாகத் தெரியாது.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறது

எப்படி உடைந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்.

தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக வந்தால், அது பாமினி, வானவில் போன்ற பழைய குறியீட்டு எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை அந்த உரையில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். ரீடரில் கன்ட்ரோல்+டி அழுத்தி 'ஃபான்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே சேர்க்கும்படி மறுபடி எடுங்கள். சில எழுத்துருக்களின் உரிமக் குறிப்பு அதற்கு இடம் கொடுக்காது. அப்போது எழுத்தைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு உருவமாக, மாற்றுவதே வழி.

கோரல்டிராவில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+க்யூ அழுத்தினால் கர்வாகிவிடும் என்று நினைப்போம். பவர்கிளிப்புக்குள் (ஓர் உருவத்துக்குள் மற்றொன்றை அடைத்து வைக்கும் வசதி) இருக்கும் எழுத்து பெரும்பாலும் தப்பிவிடும். ஃபைல் மெனுவில் 'டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, எழுத்துரு எதுவும் பட்டியலில் மிச்சமில்லை என்று உறுதி செய்யுங்கள். கர்வாக்கும் முன் ஃபைலை வேறு பெயரில் சேமிப்பது கட்டாயம். முகூர்த்த நேரத்தில் ஒரு திருத்தம் வந்தால் கர்வான எழுத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், யூனிகோட் உரையைப் பேஜ்மேக்கரில் ஒட்டியிருக்கிறீர்கள். பேஜ்மேக்கர் 7-தான் கடைசிப் பதிப்பு. அதற்கு யூனிகோட் தெரியாது. குறியீட்டு மாற்றியில் போட்டு, நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருவின் குறியீட்டுக்கே மாற்றி ஒட்ட வேண்டும். பாமினிக்கு மாற்றியதை வானவில்லில் போட்டால் வேறு வகைக் குப்பை வரும். மாற்றிய பிறகு ஸ்ரீ, க்ஷ, ஜ, ஹ, ஔ ஆகிய இடங்களைத் தேடிப் பாருங்கள். மாற்றிகள் சறுக்குவது அங்கேதான்.

'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றாலோ, உரை சரி. அதைக் கோக்கும் இயந்திரம்தான் தவறு. இன்டிசைனில் பாராகிராஃப் அமைப்பில் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸ், டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்தால்தான் அந்த கம்போசர்கள் பட்டியலில் தெரியும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் டைப் பிரிஃபரன்ஸில் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சின் தனியாக இருக்கிறது. மாற்றிய பிறகு புதிதாகத் திறக்கும் ஃபைலில்தான் அது முழுதாக வேலை செய்யும்.

எல்லாம் சரியாக இருந்து ஏதோ ஒரு குறிப்பிட்ட எழுத்து மட்டும் எல்லா இடத்திலும் காணாமல் போனால், பழைய எட்டு பிட் குறியீட்டின் குறை அது. அந்த எழுத்து உட்கார்ந்திருக்கும் எண்ணை மென்பொருள் 'மறைந்த ஹைஃபன்' அல்லது 'உடையா இடைவெளி' என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடுகிறது. அந்த உரையை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

எழுத்து நன்றாக இருந்து வரிகள் மட்டும் இடம் மாறியிருந்தால், உங்கள் யூனிகோட் எழுத்துரு அங்கே இல்லாமல் லதாவோ நிர்மலாவோ அந்த இடத்தில் வந்திருக்கிறது. படிக்க முடிவதால் யார் கண்ணிலும் படாமல் பிளேட் வரை போய்விடும். எனக்கு இருப்பதிலேயே ஆபத்தான பிழையாகப் படுவது இதுதான்.

மலையாளப் பகுதி தவறாக வருகிறது

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர். சம்பந்தம் இன்றும் இரண்டு பக்கமும் நடக்கிறது, பத்திரிகையும் இரண்டு மொழியில் வேண்டும் என்பார்கள். மலையாளம் வாசிக்கத் தெரியாமல் அடுக்குபவருக்குப் பிழை கண்ணில் படாது.

அடிக்கடி உடைவது சில்லெழுத்து. அதாவது சொல் இறுதியில் வரும் ன், ர், ல், ள், ண் ஆகியவற்றின் தனி வடிவங்கள். 2008-இல் வந்த யூனிகோட் 5.1 இவற்றுக்குத் தனித்தனி எண் கொடுத்தது. அதற்கு முன் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற மலையாளக் குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பி மூன்றையும் சேர்த்து எழுதினார்கள். பழைய உரையை இடமாற்றும்போது அந்த இணைப்பி உதிர்ந்தால், சில்லு இருக்க வேண்டிய இடத்தில் சந்திரக்கலை போட்ட முழு எழுத்து நிற்கும். அல்லது அடுத்த எழுத்தோடு ஒட்டிக் கூட்டெழுத்தாகிவிடும். நேர்மாறாக, புதிய உரையைப் பழைய எழுத்துருவில் போட்டால் அந்த இடத்தில் கட்டம் வரும். ரச்சனா, மீரா, மஞ்சரி போன்ற புதிய யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றி, உதிர்ந்த சில்லுகளைக் கையால் அடித்துத் திருத்துங்கள். எம்எல்-டிடி கார்த்திகா, எம்எல்-டிடி ரேவதி இரண்டும் பழைய குறியீடு. அவற்றுக்கு மேலே பாமினிக்குச் சொன்னதே பொருந்தும்.

1971-இல் மலையாள எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. ரச்சனா அதற்கு முந்தைய பழைய லிபி. ஒரே பத்திரிகையில் தலைப்பைப் பழைய லிபியிலும் உள்ளே புதிய லிபியிலும் கலந்து போட்டால் பிழை இல்லை. ஆனால் அசிங்கமாக இருக்கும்.

தேதிக்கும் ஒரு எச்சரிக்கை. ஆவணியும் சிங்ஙமும் ஒரே மாதம்தான். ஆனால் மாதப் பிறப்பைக் கணக்கிடும் முறை இரண்டு பக்கமும் வேறு. அதனால் சில மாதங்களில் தேதி ஒரு நாள் விலகும். தமிழ்த் தேதியின் எண்ணை அப்படியே கொல்லம் ஆண்டுத் தேதியாகப் போடாமல், மலையாளக் காலண்டரைப் பார்த்து நிரப்புங்கள். வீட்டுப் பெயரையும் நேரத்தையும் மலையாளம் வாசிப்பவர் ஒருவர் பிடிஎஃபில் பார்த்துச் சொன்ன பிறகே கர்வாக்குங்கள்.

படம் மங்கலாக, கட்டம் கட்டமாக வருகிறது

ஆஃப்செட்டில் அங்குலத்துக்கு 150 அல்லது 175 வரி ஸ்கிரீன் (படத்தை மைப்புள்ளிகளாகப் பிரிக்கும் வலை) போடுவார்கள். படத்தில் அதன் இருமடங்கு, ஏறத்தாழ 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வேண்டும். அச்சாகும் அளவில் 300 என்பதுதான் கணக்கு. ஏ4 முழுப் பக்கத்துக்கு 2480 × 3508 பிக்சல். 300 டிபிஐ படத்தைப் பக்கத்தில் இருமடங்கு பெரிதாக்கினால் அது 150-தான்.

மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் சாதாரணத் தரத்தில் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 300 டிபிஐயில் அது ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் தாங்கும். வாடிக்கையாளரிடம் 'டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்' என்று கேளுங்கள். அப்படி வந்தால் சுருங்காது. ஆனால் அவரிடம் இருப்பதே இன்னொருவர் ஃபார்வர்ட் செய்த படம் என்றால் டாக்குமென்ட்டாக வந்தும் பயனில்லை. மூலப்படம் எடுத்த போனைத் தேடிப் போக வேண்டியதுதான்.

ஃபோட்டோஷாப்பில் 72-ஐ 300 என்று மாற்றி அடித்தால் பிக்சல் எண்ணிக்கை கூடும், விவரம் கூடாது. முத்திரை, கையெழுத்து, பழைய லோகோ போன்ற கறுப்பு-வெள்ளை உருவங்களை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். முடிந்தால் கோரலில் டிரேஸ் செய்து விடுங்கள்.

உங்கள் கணினியில் தெளிவாக இருந்து பிரஸ்ஸில் மட்டும் மங்கினால், மூல ஃபைலை அனுப்பிவிட்டு அதில் இணைத்த படங்களை அனுப்பவில்லை. இன்டிசைனில் 'பேக்கேஜ்', கோரலில் 'கலெக்ட் ஃபார் அவுட்புட்', பேஜ்மேக்கரில் 'சேவ் ஃபார் சர்வீஸ் புரொவைடர்' ஆகியவை படங்களையும் எழுத்துருக்களையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துக் கொடுக்கும்.

நிறம் திரையில் ஒன்று, தாளில் ஒன்று

குற்றாலம் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அருவிக்கு இருபுறமும் பச்சை பளபளக்கும். அச்சில் அது சற்றே பழுத்த பச்சையாகத்தான் வரும். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, நாலு கலர் மை (சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு) ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. மையால் எட்ட முடியாத பச்சையும் நீலமும் ஆரஞ்சும் உண்டு. அதை முன்கூட்டியே பார்க்க ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்+ஒய் அழுத்துங்கள். வாடிக்கையாளருக்கும் அந்தக் காட்சியைத்தான் காட்ட வேண்டும். ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலம்) ஃபைலை அப்படியே அனுப்பினால் மாற்றும் வேலையைப் பிரஸ்ஸின் மென்பொருள் தன்னிஷ்டத்துக்குச் செய்யும்.

நீலம் ஊதாவாக வந்தால் சயான் 100, மெஜந்தா 100 என்று போட்டிருப்பீர்கள். மெஜந்தாவை 70-க்குக் கீழே இறக்குங்கள். குங்குமச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100 போதும். அடர்த்திக்காகக் கறுப்பு சேர்த்தால் காய்ந்த ரத்தம் மாதிரி ஆகும். மஞ்சள் பத்திரிகைப் பின்னணிக்கு மஞ்சள் 100, மெஜந்தா 10 முதல் 20. தங்க நிறம் நாலு கலரில் பழுப்பு மஞ்சளாகத்தான் வரும். மின்ன வேண்டும் என்றால் ஃபாயில்தான் (சூடாக்கி ஒட்டும் மின்னும் தாள்) போட வேண்டும். அதற்கு ஃபாயில் பகுதியை மட்டும் தனிப் பக்கத்தில், 100 சதவீதக் கறுப்பில், வெக்டராகக் கொடுக்க வேண்டும்.

இருண்ட படம் பின்பக்கத் தாளில் ஒட்டி அழுக்காக்கினால் மை மொத்தம் கூடியிருக்கிறது. நாலு கலர் சதவீதமும் சேர்ந்து ஆர்ட் பேப்பருக்கு 300-க்குள், மேப்லித்தோவுக்கு (பூச்சு இல்லாத தாள்) 240 முதல் 260-க்குள் இருக்கட்டும்.

கறுப்பு எழுத்து தடித்து, ஓரத்தில் நிறம் கசிந்து வருகிறது

வேர்டில் அடித்து பிடிஎஃப் எடுத்த புத்தகங்களுக்கு இது அடிக்கடி வரும். வேர்டின் கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் மாற்றினால் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆகிவிடும். பத்து பாயின்ட் எழுத்து நான்கு பிளேட்டிலும் விழும். ஒரு பிளேட் இம்மி விலகினாலும் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஒற்றைக் கலர் புத்தகத்துக்கு நாலு பிளேட் காசு கேட்கவும் வாய்ப்புண்டு.

அக்ரோபாட் புரோவில் 'அவுட்புட் பிரிவியூ' திறந்து கறுப்பை மட்டும் அணையுங்கள். எழுத்து முழுதாக மறைந்தால் ஃபைல் சரி. சாம்பல் நிழலாக மிச்சம் நின்றால் மற்ற பிளேட்டிலும் இருக்கிறது. எழுத்தை 100 சதவீதக் கறுப்பாக மாற்றி, ஓவர்பிரின்ட் போடுங்கள். ஓவர்பிரின்ட் இல்லாவிட்டால் மஞ்சள் பின்னணியில் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கீற்று தெரியும்.

பெரிய கறுப்புப் பரப்புக்கு மாத்திரம் கூட்டுக் கறுப்பு: சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100. 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற நிறத்தை எழுத்துக்கோ பரப்புக்கோ தொடவே தொடாதீர்கள். அது நான்கிலும் 100, மொத்தம் 400.

வெள்ளை எழுத்தோ லோகோவோ மாயமாகிவிட்டது

முன்பு கறுப்பாக இருந்து ஓவர்பிரின்ட் போட்ட எழுத்தை, பிறகு வெள்ளையாக மாற்றியிருப்பீர்கள். ஓவர்பிரின்ட் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளைக்கு மை கிடையாது. ஆகவே பின்னணிதான் அச்சாகும். சாதாரணத் திரையில் தெரியாது, முதலில் சொன்ன ஓவர்பிரின்ட் பிரிவியூவில் தெரியும். அந்த எழுத்தின் ஓவர்பிரின்ட்டை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

ஓரத்தில் வெள்ளைக் கீற்று, அல்லது எழுத்து வெட்டுப்பட்டது

பின்னணி நிறம் வெட்டுக் கோட்டோடு நின்றுவிட்டால் கத்தி இம்மி விலகியதும் வெள்ளை தெரியும். நான்கு பக்கமும் 3 மிமீ பிளீட் (வெட்டுக் கோட்டைத் தாண்டி நீட்டும் பகுதி) விடுங்கள். பக்க அளவை மட்டும் கூட்டினால் போதாது. படமும் நிறமும் அதுவரை இழுக்கப்பட்டிருக்க வேண்டும். கேன்வாவில் பிளீட் காட்டும்படி வைத்து, பின்னணியை அந்த ஓரம் வரை இழுத்து, 'பிடிஎஃப் பிரின்ட்' வகையில் கிராப் மார்க்கும் பிளீட்டும் டிக் செய்து எடுங்கள். 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' வழியாக எடுத்தால் பக்கம் ஏ4-க்குத் திரும்பி பிளீட் போய்விடலாம்.

எழுத்து எதுவும் வெட்டுக் கோட்டிலிருந்து 5 மிமீக்குள் வர வேண்டாம். பத்திரிகையைச் சுற்றி மெல்லிய பார்டர் கேட்பார்கள். அது வெட்டுக்கு ஒட்டி இருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரியும். உள்ளே தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோரலில் 'ஹேர்லைன்' கோடு அச்சில் காணாமல் போகும். 0.25 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது.

நிழலைச் சுற்றி வெள்ளைப் பெட்டி, படத்தின் குறுக்கே மெல்லிய கோடு

பெட்டி தெரிந்தால் டிரான்ஸ்பரன்சி (அடியில் இருப்பது தெரியும்படி விட்ட பகுதி) சரியாகத் தட்டையாகவில்லை. கோரலில் நிழலையும் அதன் கீழே இருப்பதையும் சேர்த்து 300 டிபிஐ சிஎம்ஒய்கே (நாலு கலர்) பிட்மேப்பாக மாற்றுங்கள்; எழுத்தை அதில் சேர்க்காமல் மேலே விடுங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு என்றால் ரீடரில் பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு அதே தடிமனில் இருந்தால் அது திரையின் மாயம், அச்சில் வராது. கூடவே தடித்தால் உண்மையான இடைவெளி. பிரஸ் ஏற்றுக்கொண்டால் அச்சுக்கான பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/எக்ஸ்-4 கொடுங்கள். பழைய அமைப்பு என்றால் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ.

மடிப்பும் பக்கமும் பொருந்தவில்லை

ஏ4 மூன்று மடிப்பு நோட்டீஸில் 297 மிமீயைச் சமமாகப் பிரித்தால் உள்ளே மடியும் பக்கம் முட்டி வளையும். 100, 100, 97 என்று பிரியுங்கள். உள்பக்கத்தில் 97 வலது ஓரம், வெளிப்பக்கத்தில் இடது ஓரம். பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். பசை பைண்டிங் என்றால் முதுகு அளவு வேண்டும். 200 பக்கம் என்றால் 100 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ ஒரு தாள் 0.09 முதல் 0.1 மிமீ, ஆக முதுகு 9 முதல் 10 மிமீ. தாள் மில்லுக்கு மில் மாறும் என்பதால் அட்டையை முடிக்கும் முன் பிரஸ்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபைல் திறக்கவே இல்லை என்கிறார்கள்

கோரலின் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. சேமிக்கும்போது பதிப்பைக் குறைத்து வையுங்கள். கூகுள் டிரைவ் லிங்க் என்றால் 'இணைப்பு உள்ள எவரும்' பார்க்கும்படி அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஜிமெயிலில் சேர்த்து அனுப்பும் ஃபைல் 25 எம்பிக்கு மேல் போகாது. தமிழில் பெயரிட்ட ஃபைல்கள் ஜிப்புக்குள் போனால் மறுமுனையில் பெயர் சிதையலாம். ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

ஃபிளெக்ஸ், ஸ்டுடியோ லேப்

இவற்றுக்கு மேலே உள்ள கணக்கு அப்படியே பொருந்தாது. தூரத்திலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு 72 டிபிஐ போதும்: 10 × 6 அடிக்கு 8640 × 5184 பிக்சல். கல்யாண ஆல்பம் 12 × 36 அங்குலத் தாளுக்கு 300 டிபிஐயில் 3600 × 10800. லேபுக்கு சிஎம்ஒய்கே அனுப்பாதீர்கள். எஸ்ஆர்ஜிபி, 8 பிட், ஜேபெக். முகங்கள் வெளிறி வந்தால் கேமராவிலிருந்து அடோபி ஆர்ஜிபி ஃபைலாக வந்து அப்படியே போயிருக்கிறது.

ப்ரூஃப் சரியாக இருந்தது, அச்சு தவறாக வந்தது

ஓகே சொன்ன ஃபைலும் பிளேட்டுக்குப் போன ஃபைலும் வேறாக இருந்திருக்கும். திருத்திய ஃபைலை அதே பெயரில் மறுபடி அனுப்புவதால்தான் இந்தக் குழப்பம். பெயரின் முடிவில் தேதியும் திருத்த எண்ணும் சேருங்கள். பிரஸ் அடுக்கி முடித்த பிறகு அவர்கள் பக்கத்து பிடிஎஃபைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து ஓகே கொடுங்கள். அந்தச் செய்தியில் ஃபைல் பெயர், வெட்டிய பிறகான அளவு, பக்க எண்ணிக்கை, தாளும் ஜிஎஸ்எம்மும், எத்தனை கலர், ஒரு பக்கமா இரு பக்கமா, லேமினேஷன் பளபளப்பா மேட்டா, எத்தனை பிரதி என்பதை எல்லாம் எழுதுங்கள். போனில் சொன்ன 'சரி'க்குப் பிறகு சாட்சி இருக்காது.